அலுவலகத் திரைப்பிடிப்பும் அதன் தடயங்களும்



ஈப்போவிலிருந்து வடக்கே சுங்கை சிப்புட்டுக்குப் போனாலும் சரி, தெற்கே பத்துகாஜா, தாப்பா என்று போனாலும் சரி, ஒரு காலத்தில் வழியில் நாம் கண்டவை ஈயச் சுரங்கக் குட்டைகளும் பால்மர நிரைகளும்தாம். அந்தத் தோட்டங்களில் பெரும்பாலானவை இன்று செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. விடியற்காலையில் பெரட்டுக்கு நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இப்பொழுது ஈப்போ நகரத்து மருத்துவமனைகளிலும் வங்கிகளிலும் காப்புறுதி அலுவலகங்களிலும் கணினியின் முன் அமர்ந்து வேலை செய்கிறார்கள். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் அவர்களைப் பற்றியதே. அலுவலகக் கணினித் திரையில் தெரிகிற இரகசியத்தை ஒருவர் படம்பிடித்து வெளியே கொண்டுபோய்விட்டால், அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அப்படிக் கண்டுபிடிப்பதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

பழைய தோட்டத்துக் கணக்கை நினைத்துப் பார்ப்போம். பால் நிறுக்கிற இடத்தில் ஒரு புத்தகம் இருக்கும். கிராணியாரின் செக்ரோல் வேறாக இருக்கும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். வாளிப் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க மெட்ரோலாக் என்ற கருவியைப் பாலுக்குள் மிதக்கவிடுவார்கள். ரப்பர்ச் சத்துக் குறைந்திருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அது எதைக் காட்டும்? பாலில் சத்துக் குறைவு என்பதை மட்டுமே காட்டும். தண்ணீர் ஊற்றியது வெட்டுக்காரரா, பால் தூக்கி வந்தவரா, அல்லது மங்குக்குள் மழை விழுந்ததா என்பதை அது சொல்லாது. அதை மண்டோரும் கிராணியாரும் விசாரித்துத்தான் அறிய வேண்டும். இந்த வேறுபாட்டை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம். இனி வரப்போகிற கணினித் தடயங்கள் அனைத்துக்கும் இது பொருந்தும்.

முதலில் சொல்லைத் தெளிவு செய்துகொள்வோம். ஆங்கிலத்தில் ‘ஸ்கிரீன்ஷாட்’ என்பதைத் ‘திரைப்படம்’ என்று தமிழாக்கினால் சினிமாக் கொட்டகைக்குப் போய்விடுவோம். ஆகையால் ‘திரைப்பிடிப்பு’ என்று வைத்துக்கொள்வோம். கணினியோ கைப்பேசியோ தன் திரையில் அந்தக் கணத்தில் தெரிவதை அப்படியே படமாகச் சேமிப்பதுதான் அது. நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வருகிற திருடனைத் தடுக்கப் பூட்டும் காவலும் உண்டு. நிறுவனத்துக்குள்ளேயே, முறையான அனுமதியோடு உட்கார்ந்திருப்பவர் எடுத்துக்கொண்டு போவதைத் தடுப்பதுதான் கடினம். கோப்பை நகலெடுத்தால் தடுக்கிற மென்பொருள் இருக்கலாம். மின்னஞ்சலில் இணைத்தால் எச்சரிக்கை போகலாம். ஆனால் அவர் வேலைக்காகத் திறந்து பார்க்க வேண்டிய பக்கத்தைப் பார்க்காதே என்று சொல்ல முடியாது. பார்ப்பதைப் படம்பிடிக்க ஒரு விசையே போதும்.

இது வெறும் கற்பனைப் பயம் அன்று. 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் காயின்பேஸ் என்ற அமெரிக்க மின்நாணய நிறுவனம், தன் வாடிக்கையாளர் சேவைக்காக வெளிநாட்டில் அமர்த்தப்பட்டிருந்த பணியாளர்கள் சிலர் இலஞ்சம் பெற்று விவரங்களைக் கொடுத்துவிட்டதாக அறிவித்தது. பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர்கள் 69,461 பேர். திருடியவர்கள் கேட்ட பணம் 2 கோடி டாலர். இந்தியாவில் இந்தூர் நகரத்து ஒப்பந்த நிறுவனம் ஒன்றில், பணியாளர் ஒருவர் தம் சொந்தக் கைப்பேசியால் அலுவலகத் திரையைப் படம் எடுத்தபோது பிடிபட்டதாகப் பிறகு செய்தி வெளியாயிற்று. அதே ஆண்டு நவம்பரில், உலகெங்கும் கணினிப் பாதுகாப்பு விற்கிற கிரவுட்ஸ்டிரைக் நிறுவனமே, தன் திரைப் படங்களை வெளியாருக்குக் கொடுத்த ஓர் ஊழியரை நீக்கியதாக ஒப்புக்கொண்டது. பூட்டு விற்கிற கடையிலேயே திருட்டுப் போன கதைதான். நம் நாட்டிலும் 2019ஆம் ஆண்டு செப்டம்பரில் மலிண்டோ விமான நிறுவனத்தின் பயணிகள் விவரம் வெளியானபோது, அதன் இணைய விற்பனையைக் கவனித்த ஒப்பந்த நிறுவனத்தின் முன்னாள் பணியாளர் இருவரே அதை எடுத்தனர் என்று அந்த விமான நிறுவனம் அறிவித்தது. அங்கே எடுக்கப்பட்டது திரைப்பிடிப்பாக அல்ல என்றாலும், உள்ளே இருந்தவர் கை என்பதில் மூன்றும் ஒன்றே.

எட்மண்ட் லோக்கார்டு என்ற பிரெஞ்சு அறிஞர் 1910ஆம் ஆண்டில் லியோன் நகரில் காவல்துறைக்கென ஓர் ஆய்வுக்கூடத்தை ஏற்படுத்தினார். ஒரு பொருள் மற்றொன்றைத் தொட்டால் இரண்டிலும் ஏதாவது ஒட்டிக்கொள்ளும் என்பது அவருடைய கருத்து. கணினியில் விரல் பட்ட தூசு ஒட்டுவதில்லை. ஆனால் கணினி ஓயாமல் குறிப்பு எழுதிக்கொண்டே இருக்கிற ஓர் இயந்திரம். பயன்படுத்துகிறவருக்கு உதவி செய்வதற்காகவே அது குறிப்பு எழுதுகிறது; உளவு பார்ப்பதற்காக அன்று. அந்தக் குறிப்புகளே பின்னர் சாட்சியாகின்றன.

விண்டோஸ் கணினியைப் பார்ப்போம். அலுவலகங்களில் அதிகம் இருப்பது அதுதான். திரையைப் பிடிக்க அதில் பல வழிகள் உண்டு. ஒவ்வொரு வழியும் வெவ்வேறு சுவடு விடும்.

விண்டோஸின் பழைய பதிப்புகளில், விசைப்பலகையில் ‘பிரிண்ட் ஸ்கிரீன்’ என்ற விசையை மட்டும் அழுத்தினால் படம் கோப்பாகச் சேமிக்கப்படுவதில்லை; கிளிப்போர்டு எனப்படுகிற தற்காலிக நினைவில் மட்டும் நிற்கும். வேறொன்றை நகலெடுத்தால் அது போய்விடும். கிளிப்போர்டு வரலாறு என்ற வசதியை ஒருவர் முன்பே இயக்கி வைத்திருந்தால் கடைசி 25 பொருள்கள் வரை இருக்கும். ஆனால் கணினியை அணைத்து மறுபடி இயக்கினால், ஊசி குத்தி வைத்தவை தவிர மற்றவை அழிந்துவிடும். ஆக, மிகக் குறைந்த சுவடு விடும் வழி இதுவே. ஆனால் கிளிப்போர்டில் நிற்கிற படத்தால் யாருக்கும் பயனில்லை. அதை எங்காவது ஒட்டியாக வேண்டும். வேர்ட் கோப்பிலோ, மின்னஞ்சலிலோ, வாட்ஸ்அப் வெப்பிலோ. ஒட்டுகிற இடத்தில் சுவடு பிறக்கும்.

விண்டோஸ் விசையையும் பிரிண்ட் ஸ்கிரீன் விசையையும் சேர்த்து அழுத்தினால் கதை வேறு. படம் ‘பிக்சர்ஸ்’ கோப்புறைக்குள் ‘ஸ்கிரீன்ஷாட்ஸ்’ என்ற உள்கோப்புறையில் தானாகவே சேமிக்கப்படும். 1, 2, 3 என்று எண்ணும் இடப்படும். இதில் நமக்கு மிகவும் பிடித்த ஒரு நுட்பம் இருக்கிறது. அடுத்த படத்துக்கு என்ன எண் கொடுக்க வேண்டும் என்பதைக் கணினி தன் ரெஜிஸ்ட்ரி என்கிற உட்பதிவேட்டில் தனியாகக் குறித்து வைக்கிறது. ஒருவர் 40 படம் எடுத்து, நாற்பதையும் அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்து, கோப்புறையைத் துடைத்து வைத்ததுபோல் விட்டுச் சென்றாலும், அந்தப் பதிவேட்டில் 41 என்ற எண் நின்றுகொண்டிருக்கும். கோப்புறையில் ஒரு படமும் இல்லை, எண்ணோ 41. பக்கம் கிழிக்கப்பட்ட இரசீதுப் புத்தகத்தில் அடுத்த இரசீதின் எண்ணைப் பார்த்து எத்தனை கிழிந்தது என்று சொல்வதில்லையா? அதே கணக்குத்தான். ஆனால் அந்த நாற்பதில் என்ன இருந்தது, எந்த மாதத்தில் எடுத்தது என்பதை எண் சொல்லாது. அலுவலகப் பயிற்சிக்காக எடுத்த நாற்பதாகவும் இருக்கலாம்.

மூன்றாவது வழி ‘ஸ்னிப்பிங் டூல்’ என்ற வெட்டுக் கருவி. திரையில் வேண்டிய பகுதியை மட்டும் கட்டம் போட்டு எடுக்கலாம். விண்டோஸ் 10இல் இப்படி வெட்டிய துண்டுகள், பயன்படுத்துகிறவர் சேமிக்காவிட்டாலும், கணினியின் உள்ளே ஒரு தற்காலிகக் கோப்புறையில் தங்கியிருந்ததை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். விண்டோஸ் 11இன் பிற்காலப் பதிப்புகளில் அந்தத் துண்டுகள் ஸ்கிரீன்ஷாட்ஸ் கோப்புறைக்கே தாமாகப் போய்ச் சேர்கின்றன. இதைத் தெரியாமல் ‘நான் சேமிக்கவே இல்லையே’ என்று நினைத்திருப்போர் பலர். மேலும், எந்த மென்பொருளை இயக்கினாலும் அடுத்த முறை விரைவாகத் திறப்பதற்காக விண்டோஸ் ‘பிரிஃபெட்ச்’ என்ற குறிப்பை எழுதிக்கொள்கிறது. அதில் அந்த மென்பொருள் எத்தனை முறை இயங்கிற்று என்பதும், கடைசியாக இயங்கிய எட்டு நேரங்களும் இருக்கும். வெட்டுக் கருவி மதியம் 1 மணி 12 நிமிடத்துக்கு இயங்கியதா என்று கேட்டால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

படம் பிறந்த பிறகு அதன் பயணத்துக்கு வருவோம். கோப்புறையைச் சிறுபடங்களாக வைத்துப் பார்த்திருந்தால், ஒவ்வொரு படத்தின் சிறிய நகலையும் விண்டோஸ் தனியே சேர்த்து வைக்கும். மூலப்படம் அழிந்தாலும் அந்தச் சிறுநகல் சில காலம் இருக்கும். சிறியதுதான், எழுத்துகளைப் படிக்க முடியாமல் போகலாம், ஆனால் எந்த மென்பொருளின் எந்தப் பக்கம் என்று அடையாளம் காணப் போதும். குப்பைத் தொட்டிக்கு அனுப்பிய கோப்புக்கு, அது முன்பு எங்கே இருந்தது, எப்போது அழிக்கப்பட்டது என்ற சீட்டு ஒன்று கூடவே போகிறது. வட்டில் கோப்புகள் உருவாவதும் பெயர் மாறுவதும் அழிவதும் ஒரு நாட்குறிப்பில் ஏறிக்கொண்டே இருக்கும். அது நிரம்ப நிரம்பப் பழையது அழிந்து புதியது ஏறும். யூஎஸ்பி செருகினால் அந்தக் கருவியின் தயாரிப்பு, வரிசை எண், முதன்முதலில் செருகிய நேரம் ஆகியவை பதியும்.

இவ்வளவும் கணினியிலேயே படம்பிடித்தவருக்கு. கைப்பேசியை எடுத்துத் திரைக்கு எதிரே பிடித்து ஒரு படம் எடுத்துவிட்டால்? கணினி அதை அறியாது. அதற்குள்ளே ஒரு சுவடும் இல்லை. இந்தூரில் நடந்ததாகச் சொல்லப்பட்டது இந்த வகைதான். எவ்வளவு விலையுயர்ந்த கண்காணிப்பு மென்பொருளும் இந்த இடத்தில் குருடு.

அப்போது விசாரிப்பவர்கள் வேறு திசையிலிருந்து வருகிறார்கள். படத்தை யார் எடுத்தார் என்று கேட்பதை விட்டு, படத்தில் உள்ள பக்கத்தை யார் யார் திறந்தார்கள் என்று கேட்கிறார்கள். அமெரிக்காவில் 2017ஆம் ஆண்டு நடந்த வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ரியாலிட்டி வின்னர் என்ற பெண்மணி தேசியப் பாதுகாப்பு முகமைக்கு ஒப்பந்த முறையில் பணியாற்றியவர். ரஷ்யத் தலையீடு பற்றிய இரகசிய அறிக்கை ஒன்று பத்திரிகைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பத்திரிகை உண்மையா என்று விசாரிக்க அனுப்பிய நகலில் மடித்த தடம் தெரிந்தது. ஆகவே இது அச்சிட்டு எடுத்துச் செல்லப்பட்டது என்று தெரிந்துகொண்டார்கள். பதிவேட்டைப் பார்த்தால் அதை அச்சிட்டவர்கள் ஆறே பேர். ஆறு பேருடைய கணினிகளைப் பார்த்தபோது, ஒருவர் மட்டுமே அந்தப் பத்திரிகையோடு மின்னஞ்சல் தொடர்பு கொண்டிருந்தார். பல வண்ண அச்சுப்பொறிகள் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளால் தாளில் தேதியையும் நேரத்தையும் குறிக்கின்றன என்பதும், வெளியான நகலில் அந்தப் புள்ளிகள் இருந்தன என்பதும் பிறகு பேசப்பட்டன. ஆனால் அவரை அடையாளம் காட்டப் புள்ளிகள் தேவைப்படவில்லை. ஆறு பேர் கொண்ட அந்தப் பட்டியலே போதுமாயிருந்தது. 2018ஆம் ஆண்டில் அவருக்கு 63 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது.

இதே காரணத்தால்தான் சில நிறுவனங்கள் திரையின் பின்புலத்தில் பணியாளரின் பெயரையோ எண்ணையோ மங்கலாக ஓடவிடுகின்றன. கைப்பேசியில் எடுத்தாலும் அந்த எழுத்தும் சேர்ந்தே வரும். சாதாரண அலுவலகத்துக்கு அவ்வளவு தேவையா என்பது வேறு கேள்வி. எந்த நோயாளியின் பக்கத்தை யார் எப்போது திறந்தார் என்ற பதிவை ஒழுங்காக வைத்திருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். பல சிறிய நிறுவனங்களில் அந்தப் பதிவே இல்லை என்பதுதான் வருத்தம்.

படமே சாட்சி சொல்வதும் உண்டு. மூலையில் கடிகாரம் தெரியும். மேலே திறந்திருந்த மற்றப் பக்கங்களின் பெயர்கள் தெரியும். கீழ்ப்பட்டையில் என்னென்ன மென்பொருள் இயங்கிற்று என்று தெரியும். மறைக்க நினைத்து ஓரத்தை வெட்டிவிட்டாலும் எப்போதும் மறையாது. 2023ஆம் ஆண்டு மார்ச்சில் ஒரு வேடிக்கையான குறை வெளிப்பட்டது. கூகுளின் பிக்சல் கைப்பேசியிலும் விண்டோஸ் வெட்டுக் கருவியிலும் ஒரு படத்தை வெட்டி அதே பெயரில் சேமித்தால், வெட்டி எறிந்த பகுதியின் தரவு கோப்பின் வாலில் ஒட்டிக்கொண்டே இருந்தது. அதைக் கொண்டு மறைத்த பகுதியை மீட்க முடிந்தது. இரு நிறுவனங்களும் பிறகு அதைச் சரிசெய்துவிட்டன. அதற்கு முன் எடுத்த படங்கள் மட்டும் அப்படியே உலவுகின்றன. சாம்சங் கைப்பேசியில் எடுக்கும் திரைப்பிடிப்பின் கோப்புப் பெயரில் தேதி, நேரத்தோடு எந்தச் செயலியில் எடுத்தது என்பதும் சேர்ந்துவிடும். ஆனால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, பெயர் மாறி, உள்ளே இருந்த குறிப்புகளும் கழிந்துவிடும். ஆகையால் பத்துக் கை மாறி வந்த படத்தை வைத்து ஆராய்வது, ஆற்று நீரில் அடித்து வந்த கட்டையைப் பார்த்து எந்தக் காட்டு மரம் என்று சொல்வதைப் போலக் கடினமானது.

இங்கே மற்றொன்றையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். திரைப்பிடிப்பைப் பொய்யாக உருவாக்குவது மிக எளிது. இணைய உலாவியில் உள்ள ஒரு வசதியைக் கொண்டு எந்தப் பக்கத்தின் எழுத்தையும் தன் திரையில் மட்டும் மாற்றிவிட்டுப் படம் எடுக்கலாம். பதினைந்து வயதுப் பையன் செய்வான். வாட்ஸ்அப் உரையாடல் போன்ற படத்தைச் செய்து தரும் செயலிகளும் உண்டு. ஆகவே ‘இதோ பாருங்கள், இவர் அனுப்பியது’ என்று மேலாளர் மேசையில் வைக்கிற படம், விசாரணைக்குத் தொடக்கமே தவிர முடிவன்று. உரையாடல் நடந்த கைப்பேசியைப் பார்க்க வேண்டும்; மறுமுனையில் இருந்தவர் கைப்பேசியிலும் அது அப்படியே இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும்.

இப்பொழுது ஒரு நிலைமையை நாமே கற்பனை செய்துகொள்வோம். ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவ நிலையம். முகப்பில் ஒரு கணினி. அதை மூன்று பேர் மாறி மாறிப் பயன்படுத்துகிறார்கள். விண்டோஸுக்குள் நுழைய மூவருக்கும் ஒரே கடவுச்சொல். நோயாளிகள் பதிவு மென்பொருளுக்கு மட்டும் தனித்தனிப் பெயர். ஒரு நாள் ஊரறிந்த ஒருவருடைய நோய் விவரம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. மென்பொருளின் பதிவைப் பார்த்தால், அந்தப் பக்கம் மதியம் 1 மணி 11 நிமிடத்துக்கு ஒரு பெண்ணின் பெயரில் திறக்கப்பட்டிருக்கிறது. பழைய தோட்டத்துக் குடும்பத்திலிருந்து வந்து, வீட்டில் முதன்முதலாக அலுவலக வேலை பார்க்கிற பெண் அவள். நிர்வாகம் அவளை அழைத்து, ‘உன் பெயர்தான் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ’ என்கிறது. அவளுக்கோ மறுவார்த்தை பேசப் பயம்.

நிதானமாகப் பார்த்தால் என்ன கிடைக்கும்? படம் தெளிவாக இருக்கிறது. கைப்பேசியால் எடுத்தால் திரையில் தெரிகிற வலைக்கோடுகள் இல்லை. ஆகவே கணினியிலேயே பிடித்தது. வெட்டுக் கருவி 1 மணி 12 நிமிடத்துக்கு இயங்கியிருக்கிறது. 1 மணி 13க்கு உலாவியில் வாட்ஸ்அப் வெப் திறக்கப்பட்டிருக்கிறது. பணி நேர அட்டையிலோ அந்தப் பெண் 12 மணி 55க்கு வெளியே போய் 1 மணி 50க்குத் திரும்பியிருக்கிறாள். மென்பொருளை மூடாமல் சாப்பிடப் போனது அவள் குறை, அது கண்டிக்கத்தக்கதுதான். ஆனால் திருட்டு அவள் கை அன்று. வாட்ஸ்அப் வெப்பில் எந்தக் கைப்பேசி இணைக்கப்பட்டது என்பதற்கான எண் உலாவியின் உள்சேமிப்பில் தங்கியிருப்பதுண்டு. அடுத்துத் தேட வேண்டியது அங்கே.

ஆனால் அட்டை இயந்திரத்தின் கடிகாரமும் கணினியின் கடிகாரமும் ஒத்துப்போகின்றனவா என்று முதலில் பார்த்தாக வேண்டும். ஒன்று ஒரு மணி நேரம் தள்ளி ஓடினால் நாம் மேலே கட்டிய கணக்கு முழுவதும் சரிந்துவிடும். கணினியின் உட்குறிப்புகள் பலவும் உலகப் பொது நேரத்தில் எழுதப்படுகின்றன. நம் நேரத்துக்கு 8 மணி கூட்ட வேண்டும். அதை மறந்து, மதியம் 1 மணிச் செயலை விடியற்காலை 5 மணிச் செயலாக அறிக்கையில் எழுதிவிடும் ஆபத்து உண்டு. பெரியவர்களுக்கு நினைவிருக்கும், 1981ஆம் ஆண்டின் கடைசி இரவில் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளி வைத்தோம். 8 என்ற முழு எண் வந்தது அப்போதுதான். கணக்குப் போடுகிறவர்களுக்கு அது ஓர் உபகாரம்.

தடயத்தைக் கெடுப்பது பெரும்பாலும் குற்றவாளி அல்லர். ஆர்வக் கோளாறு கொண்ட நிர்வாகமே. சந்தேகம் வந்தவுடன் யாராவது ஒருவர் அந்தக் கணினியை இயக்கி, கோப்புறைகளைத் திறந்து திறந்து பார்ப்பார். ஒவ்வொரு திறப்பும் நேரக் குறிப்பை மாற்றும்; புதிய குறிப்பு பழையதை அழிக்கும். இன்றைய திண்மநிலை வட்டுகளில், அழிக்கப்பட்ட கோப்பின் இடத்தைக் கணினியே பின்னணியில் துடைத்துவிடும். நாள் கடந்தால் மீட்பது கடினம். முறையாகச் செய்பவர்கள், எழுதுவதைத் தடுக்கும் கருவியை இடையில் வைத்து வட்டை முழுமையாக நகலெடுப்பார்கள். நகலுக்கு ‘ஹேஷ்’ என்ற எண்ணைக் கணக்கிட்டு எழுதிக்கொள்வார்கள். உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் முற்றிலும் வேறாகிவிடும். கணினி யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று, எந்த அலமாரியில் இருந்தது என்பதற்கும் எழுத்து வேண்டும்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். நம் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் 1993இல் 90ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. கணினி வழக்கமான பயன்பாட்டில் உருவாக்கிய ஆவணத்தைச் சாட்சியமாக ஏற்க அது வழி செய்கிறது. பொறுப்பானவர் சான்றிதழ் கொடுத்தால், அந்தக் கணினி நல்ல நிலையில் இயங்கியது என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். 2012இல் வந்த 114ஏ பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், ஒருவர் பெயரில் உள்ள இணையத் தொடர்பிலிருந்து ஏதாவது வெளியானால், எதிர்மாறாக நிரூபிக்கப்படும் வரை அவரே வெளியிட்டார் என்று கொள்ளச் சொல்கிறது. வசதிக்காக ஏற்பட்ட அனுமானங்கள் இவை. ஆனால் எளியவர் தலையில் சுமை ஏறுவதும் இவற்றால்தான்.

இயந்திரம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பிரிட்டிஷ் அஞ்சல் துறையைப் பார்க்கலாம். ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் பணம் குறைகிறது என்று காட்டியதை நம்பி, 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்ட கிளை அஞ்சலக நடத்துநர்கள் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறை சென்றார்கள். பலர் வீட்டை இழந்தார்கள். மென்பொருளில்தான் பிழை இருந்தது. அதை அமைத்த நிறுவனத்தின் பணியாளர்கள் தொலைவிலிருந்தே கிளைக் கணக்கைத் தொட முடியும் என்பதும் வெளிவந்தது. 2019இல் உயர்நீதிமன்றம் மென்பொருளின் குறையைத் தீர்ப்பில் எழுதியது. 2024இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றித் தண்டனைகளை நீக்கியது. இருபது ஆண்டு கழித்து வந்த நீதி அது. அந்த நடத்துநர்கள் ஒவ்வொருவரிடமும், உங்களுக்கு மட்டும்தான் இப்படி நடக்கிறது என்று சொல்லப்பட்டதாம். விசாரணை அறையில் தனியே உட்கார்த்தி வைக்கப்பட்டவரிடம் சொல்லக்கூடியதில் இதைவிடக் கொடியது இருக்க முடியாது.

உண்மையாகவே விவரத்தை எடுத்து விற்றவருக்கு நாம் பரிந்து பேச வரவில்லை. 2010ஆம் ஆண்டுத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 130ஆம் பிரிவின்படி, தரவை வைத்திருக்கும் நிறுவனத்தின் ஒப்புதல் இன்றிப் பிறருடைய விவரத்தை எடுத்து வெளியிடுவது குற்றம். 5 இலட்சம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். ஒரு நோயாளியின் இரகசியம் தெருவுக்கு வந்தால் அவர் குடும்பம் படும் பாட்டுக்கு முன் இது அதிகமில்லை. விளையாட்டாகத் தோழிக்கு அனுப்பினேன் என்பதும் வெளியிடுவதுதான். இளைஞர்களுக்கு இதை வேலையில் சேரும் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். பல இடங்களில் சொல்வதில்லை.

ஆனால் பழி சுமத்தப்பட்டவருக்கும் சட்டம் உண்டு. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, ஒழுங்கீனத்துக்காக ஒருவரை நீக்குமுன் முறையான விசாரணை நடத்த வேண்டும். விசாரணைக்காக வேலையிலிருந்து நிறுத்தி வைத்தால் அது இரண்டு வாரத்துக்கு மேற்படக்கூடாது. அந்த நாள்களுக்கும் குறைந்தது பாதிச் சம்பளம் உண்டு. விசாரணையில் ‘உங்கள் பெயரில் பதிவு இருக்கிறது’ என்று சொன்னால், அந்தப் பதிவின் நகலைக் கேளுங்கள். கணினியை எப்போது யார் எடுத்து வைத்தார்கள், நகல் எடுத்த பிறகு பார்த்தார்களா அதற்கு முன்பே பார்த்தார்களா, அந்தக் கடவுச்சொல் எத்தனை பேருக்குத் தெரியும், கதவருகே உள்ள கேமராப் பதிவு என்ன ஆயிற்று என்று எழுத்தில் கேளுங்கள். கேமராப் பதிவுகள் சில வாரங்களிலேயே தாமாக அழிந்துவிடுவதால் அதை முதல் நாளே கேட்க வேண்டும். உங்கள் சொந்தக் கைப்பேசி உங்கள் உடைமை. அதைத் திறந்து காட்டுவது உங்கள் ஒப்புதலைப் பொறுத்தது, காவல்துறை சட்டப்படி கைப்பற்றுவது வேறு. ஆனால் பயத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள். உங்களைக் காப்பாற்றக்கூடிய நேரக் குறிப்பும் அதிலேதான் இருக்கும். படித்துப் பார்க்காத எந்தத் தாளிலும், அன்றைக்கே வேண்டும் என்று அவசரப்படுத்தினாலும், கையெழுத்திட வேண்டியதில்லை.

வேலையே போய்விட்டால், 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு இருக்கிறது. நீக்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவுத் துறையிடம் மனுச் செய்ய வேண்டும், ஈப்போவிலேயே செய்யலாம். சமரசம் ஏற்படாவிட்டால் வழக்குத் தொழில் நீதிமன்றத்துக்குப் போகும். 2021ஆம் ஆண்டு முதல் அமைச்சரின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. சட்ட நுணுக்கங்களைப் பெரிதாகப் பார்க்காமல், நியாயத்தையும் மனச்சாட்சியையும் வழக்கின் உண்மைத் தன்மையையும் கொண்டு தீர்ப்பளிக்க வேண்டும் என்று அந்த நீதிமன்றத்துக்கு 30ஆம் பிரிவு சொல்கிறது. அங்கே ஒரு பணி நேர அட்டையும் ஒரு கேமராப் பதிவும் பெரிய கணினி அறிக்கைக்கு ஈடாக நிற்க முடியும்.

அந்த 60 நாளில் சனி, ஞாயிறு, தீபாவளி எல்லாம் அடங்கும். முன்னறிவிப்புக் கொடுத்து நீக்கப்பட்டவர் மட்டும், அந்த முன்னறிவிப்புக் காலத்திலேயும் மனுச் செய்யலாம், அது முடிந்து 60 நாள் வரையிலும் செய்யலாம்.